திறக்கவொண்ணாப் பெட்டி

கெட்டுப்போன பொருளைச் செம்மை செய்யும் தொழிலுக்குத் தமிழர் இட்ட பெயர் ‘பழுது பார்த்தல்’ என்பதாகும். ‘பழுது நீக்கல்’ என்று ஏட்டில் எழுதுவோர் உண்டு. எனினும் கடைப் பலகையிலும் மக்கள் நாவிலும் நிலைத்திருப்பது ‘பார்த்தல்’ என்னும் சொல்லே. வைத்தியம் பார்த்தல், பிரசவம் பார்த்தல் என்பன போல, இங்கும் பார்த்தல் என்னும் வினை செய்தலையும் தன்னுள் அடக்கி நிற்கிறது. மூடியைக் கழற்றி, உள்ளே கண்ணைச் செலுத்தி, எது எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அச்சொல்லின் உட்கிடை. இச்சொல்லாராய்ச்சி ஈண்டு எதற்கெனின், திறந்து பார்ப்பதற்கே இடங்கொடாத ஒரு பண்டத்தைப் பற்றி நாம் எழுதப் புகுந்துள்ளோம். இன்றைய மாணவர் பலரும், அவர்தம் தம்பி தங்கையரும் கையில் வைத்திருக்கும் அல்லது வைத்திருக்க விரும்பும் கையடக்க மின்னணு விளையாட்டுக் கருவியே அது.

கல்லூரி மலரில் விளையாட்டுப் பொம்மை பற்றியா என்று பெரியோர் சிலர் புன்முறுவல் கொள்ளக்கூடும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2025 ஜூன் 5 அன்று விற்பனைக்குக் கொணர்ந்த ‘ஸ்விட்ச் 2’ என்னும் கருவியின் அன்றைய அமெரிக்க விலை 449.99 டாலர். நம் நாணயத்தில் 38,000 ரூபாய்க்கு மேல். அதில் விளையாடத்தக்க ‘மரியோ கார்ட் வேர்ல்டு’ என்னும் ஆட்டம் ஒன்றுக்கு மட்டும் தனியே 79.99 டாலர். இத்துணை விலை கொடுத்து வாங்கும் ஒன்றைப் பொம்மை என்று தள்ளிவிடுதல் இயலாது. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மிதிவண்டியும் தையல் எந்திரமும் சேர்ந்தாலும் இவ்விலை வாரா. அவ்விரண்டையும் தெருமுனையில் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்பது வேறு.

இக்கருவிகளின் வரலாற்றைப் புரட்டினால் வியப்பான செய்தி ஒன்று கிடைக்கிறது. நின்டெண்டோ 1889ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் ஹனஃபுடா என்னும் மலர்ச் சீட்டுகள் செய்வதற்காகத் தொடங்கப்பெற்ற நிறுவனம். அங்கே 1965இல், சீட்டு செய்யும் எந்திரங்களைப் பராமரிக்கும் பணிக்குச் சேர்ந்தவர் குன்பெய் யோக்கோய். அஃதாவது, பழுது பார்ப்பவராகவே அவர் உள்ளே நுழைந்தார். அவர்தம் சிந்தனையில் 1980இல் ‘கேம் அண்டு வாட்ச்’ என்னும் சிறு கருவியும், 1989 ஏப்ரல் 21 அன்று ‘கேம் பாய்’ என்னும் புகழ்பெற்ற கருவியும் தோன்றின. புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் தேடி ஓடாமல், நன்கு பழகி, விலை மலிந்து, குற்றங்குறைகள் யாவும் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய பயனுக்குத் திருப்புக என்பது அவரது கொள்கை. பழுது பார்ப்பவனுக்கே தோன்றத்தக்க கொள்கை இது என்பது நம் கருத்து. எந்தப் பொருள் எப்படிக் கெடும் என்று அறிந்தவனுக்கன்றோ பழகிய பொருளின் அருமை தெரியும்!

கேம் பாயின் விலை ஜப்பானில் 12,500 யென், அமெரிக்காவில் 89.95 டாலர். திரையில் வண்ணமில்லை, பாசி படர்ந்த பச்சையில் நான்கு சாயல்களே. உள்ளொளியும் இல்லை, வெயிலிலோ விளக்கின் கீழோ பிடித்தால்தான் தெரியும். ஆனால் கடையில் வாங்கும் சாதாரணப் பேனா பேட்டரி நான்கைப் போட்டால் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். அக்காலத்தில் போட்டிக்கு வந்த செகா நிறுவனத்தின் ‘கேம் கியர்’ வண்ணத் திரை கொண்டது. ஆறு பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்துக்குள் தின்று தீர்த்தது. மக்கள் எதனை விரும்பினர் என்பதற்கு விற்பனைக் கணக்கே சான்று. கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கு மேல் விற்றன.

அவை கெடாதவை என்று நாம் சொல்ல வரவில்லை. கேம் பாயின் திரையில் சில ஆண்டுகளில் செங்குத்தாகக் கோடுகள் விழும். திரையோடு மின்சுற்றை இணைக்கும் மெல்லிய நாடாவின் பற்று தளர்வதே காரணம். சால்டரிங் கம்பியின் சூட்டை அந்நாடாவின் மேல் மெல்ல ஓட்டினால் கோடுகள் மறைந்து எழுத்துத் தெளியும். கேம் கியரில் மின்தேக்கிகள் ஒழுகிப்போகும். அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியன வைத்தால் ஒலியும் ஒளியும் மீளும். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய அக்கருவிகளை இன்றும் இவ்வாறு உயிர்ப்பித்து வைத்திருப்போர் பல நாடுகளில் உள்ளனர். வளைகுடாப் போரில் குண்டுவீச்சால் எழுந்த தீயில் சிக்கி, மேலுறை உருகிக் கருகிய கேம் பாய் ஒன்று நியூயார்க் நகரிலுள்ள நின்டெண்டோ கடையில் நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதன் திரையில் ‘டெட்ரிஸ்’ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தன் பண்டம் எத்துணைத் திண்ணியது என்று காட்டுவதில் ஒரு நிறுவனம் பெருமை கொண்ட காலம் அது.

அன்றும் கதவை முற்றத் திறந்து வைத்திருந்தனர் என்று சொல்வதற்கில்லை. கேம் பாயின் முதுகிலே இருந்தவை சாதாரணத் திருப்புளிக்கு இணங்காத மூவிதழ் முனைத் திருகாணிகள். ஆட்டம் அடங்கிய பேழையைத் திறக்க வேறொரு தனிக் கருவி வேண்டும். பேழைக்குள் நாணயம் போன்ற சிறு பேட்டரி ஒன்று சால்டரிங் செய்யப்பட்டிருக்கும்; ஆடியவன் சேமித்து வைத்த முன்னேற்றமெல்லாம் அதன் உயிரைப் பற்றிக்கொண்டே இருக்கும். 1996இல் வந்த ‘போக்கிமான்’ ஆட்டத்தில் மாதக்கணக்கில் பிடித்துச் சேர்த்த விலங்குகளெல்லாம் அப்பேட்டரி தீர்ந்த அன்று மறைந்துபோயின. ஆகவே பூட்டு அன்றே இருந்தது. ஆனால் பூட்டின் பின்னால் இருந்தது ஒரு வீடு. உள்ளே நுழைந்தால் அறை அறையாகப் பார்க்கலாம். இன்றோ கதவும் சுவரும் ஒன்றாகப் பூசி மெழுகப்பட்டுவிட்டன.

மெழுகியது எது என்று கேட்டால், பசை என்று ஒரு சொல்லில் விடை கூறலாம். 2003இல் வந்த ‘கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி.’யில் மீள்மின்னேற்றப் பேட்டரி வந்துவிட்டது. ஆயினும் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் மூடி வரும், பேட்டரியும் கையோடு வரும். சோனி நிறுவனம் 2004இல் வெளியிட்ட ‘பி.எஸ்.பி.’யில் திருகாணிகூட இல்லை; விரலால் தள்ளினால் மூடி திறக்கும். ஐந்தே ஆண்டில், 2009இல், அதே நிறுவனம் ‘பி.எஸ்.பி. கோ’ என்று ஒன்றைக் கொணர்ந்தது. பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டனர். வட்டு போடும் இடமும் இல்லை. ஆட்டங்களை வலைவழியே மட்டுமே வாங்க வேண்டும். வசதிகளைக் குறைத்ததற்கு விலையைக் குறைத்தார்களோ எனின், அதுவும் இல்லை. பழைய வகை 169.99 டாலருக்கு விற்ற அதே நாளில் புதியதற்கு 249.99 டாலர் கேட்டனர். மக்கள் அதனை வாங்காமலே விட்டனர் என்பது ஓர் ஆறுதல்.

விலையில் உள்ள சூழ்ச்சி பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணில் இராது; பெட்டிக்குள் எது இல்லை என்பதில் இருக்கும். சோனியின் அடுத்த கருவியான ‘வீட்டா’ 2012இல் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. ஆட்டங்களைச் சேமிக்க நினைவட்டை வேண்டும். அது பெட்டியில் இல்லை. எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண அட்டை அதில் பொருந்தாது; அந்நிறுவனமே செய்த தனி அட்டைதான் பொருந்தும். 32 ஜிகாபைட் அட்டையின் விலை 99.99 டாலர். கருவியின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு அட்டைக்கே போயிற்று! நின்டெண்டோவும் இக்கலையில் குறைந்ததன்று. எஸ்.பி.யில் காதணிக் கேள்கருவிக்கான துளையை எடுத்துவிட்டு, அதற்கு ஓர் இணைப்பியைத் தனியே விற்றது. 2015இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘நியூ 3டிஎஸ் எக்ஸ்.எல்.’ பெட்டியில் மின்னேற்றியே வைக்கவில்லை. முன்னரே வாங்கியவரிடம் பழைய மின்னேற்றி இருக்கும் என்பது காரணமாம். முதன்முதலாக வாங்குவோன் என் செய்வான்? எண்ணெய் தனி, திரி தனி என்று விளக்கு விற்றாலும் ஒப்புக்கொள்ளலாம். மின்னேற்றி இல்லாத மின்கருவியை என்னென்பது!

உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், பண்டத்தின் விலையை ஒளிக்காமல் சொல்லி விற்றவர்கள் என்பதை இம்மலர் படிப்போர்க்கு நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை.

நேர்மையான நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லவே வேண்டும். நின்டெண்டோ 2011 மார்ச்சில் ‘3டிஎஸ்’ கருவியை அமெரிக்காவில் 249.99 டாலருக்கு விற்கத் தொடங்கிற்று. விற்பனை மந்தமாயிற்று. ஐந்து மாதம் கூட நிறையாத நிலையில், ஆகஸ்ட் 12 அன்று விலையை 169.99 டாலராகக் குறைத்துவிட்டது. முந்திக்கொண்டு வாங்கியவர் வயிறெரிந்தனர். நிறுவனம் அவர்களுக்கு இழப்பீடாக இருபது பழைய ஆட்டங்களை விலையின்றி அளித்தது. தலைவராயிருந்த சதோரு இவாட்டா தம் ஊதியத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். விலை நிர்ணயத்தில் பிழை நேர்ந்தது என்று ஒரு தலைவர் தம் பையிலிருந்தே கணக்குத் தீர்த்தது அருமையான செயல் என்றே நாம் கருதுகிறோம். அன்றைய வழக்கம் வேறொன்றையும் கவனிக்க. காலம் செல்லச் செல்லக் கருவியின் விலை இறங்குவதே மரபாக இருந்தது. 2013இல் 129.99 டாலருக்கு வந்த ‘2டிஎஸ்’ 2016இல் 79.99 டாலராயிற்று. இம்மரபு தலைகீழாயிற்று. 2017இல் 299.99 டாலருக்கு வந்த ஸ்விட்சின் விலையை, எட்டாண்டு கழிந்த பின்னர், 2025 ஆகஸ்ட் 3 முதல் அமெரிக்காவில் 339.99 டாலராக உயர்த்தினர். சந்தை நிலவரம் காரணம் என்றனர். எட்டாண்டுப் பழைய மாடு விலையேறியதாகச் சந்தையில் சொன்னால் தரகனும் சிரிப்பான்.

இனிப் பழுதுக்கு வருவோம். ஸ்விட்சின் இருமருங்கும் கழற்றி மாட்டத்தக்க இரு கைப்பிடிகள் உண்டு. ‘ஜாய்கான்’ என்பது பெயர். ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் அசைக்கும் சிறு குமிழ் ஒன்று. குமிழின் அடியில் கரிப்பூச்சுப் பூசிய மெல்லிய தடம் இருக்கிறது. அதன்மேல் உலோக விரல் ஒன்று உரசிச் செல்லும். எவ்விடத்தில் உரசுகிறது என்பதைக் கொண்டு குமிழ் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்று கருவி அறிகிறது. பழைய வானொலிப்பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் இதே முறையில் இயங்கியதே. நாட்பட்டால் அக்குமிழைத் திருகும்போது ‘கரகர’ என்று இரைந்தது நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். அங்கே இரைச்சலாக வந்த நோய் இங்கே வேறு உருவில் வருகிறது. தடம் தேய்ந்ததும், கை வைக்காமலே குமிழ் சாய்ந்திருப்பதாகக் கருவி எண்ணிக்கொள்கிறது. திரையிலுள்ள வீரன் தானாகவே ஒருபக்கம் நடக்கத் தொடங்குகிறான், பள்ளத்தில் விழுகிறான், விளையாடும் பிள்ளை செய்வதறியாது விழிக்கிறது. இதற்கு ‘டிரிஃப்ட்’ என்று பெயரிட்டனர்.

இரண்டு கைப்பிடிகளும் இணையாக 79.99 டாலருக்கு விற்கப்பட்டன. சில காசு பெறும் கரித்தடம் தேய்ந்ததற்கு இத்தொகை! 2019இல் வந்த ‘ஸ்விட்ச் லைட்’ வகையில் குமிழ்கள் கருவியின் உடலோடே பதிக்கப்பட்டவை. ஆதலால் குமிழ் நோயுற்றால் கருவி முழுவதையுமே பழுதுக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் 2019 ஜூலையில் வழக்குத் தொடுத்தனர். 2020 ஜூனில் முதலீட்டாளர் கூட்டமொன்றில் நிறுவனத்தின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, ஜாய்கான் தந்த தொல்லைக்காக வருத்தம் தெரிவித்தார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு, ஏறத்தாழ 25,000 பேரின் முறையீடுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்தின் முன் வைத்தது. முறையிட்டவர் கூற்றின்படி நூற்றுக்கு 88 கைப்பிடிகள் முதல் ஈராண்டுக்குள்ளாகவே கெட்டிருந்தன. அதன் பயனாக, 2023இல் ஐரோப்பாவில் உத்தரவாதக் காலம் கடந்தாலும் இக்குறையைக் கட்டணமின்றிச் சீர்செய்து தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. பாராட்டுவோம். ஆனால் உரசாமல் காந்தப்புலத்தால் இடமறியும் ‘ஹால்’ உணரிகளைக் கொண்ட குமிழ்களைச் சிறு நிறுவனங்கள் மலிவான கருவிகளிலேயே பொருத்திவரும் காலத்தில், 2025இல் வந்த ஸ்விட்ச் 2இன் குமிழ்களிலும் அதே கரித்தடமே இருக்கிறது. இம்முறை ஓரிணை 94.99 டாலருக்கு விற்பனைக்கு வந்தது.

கருவிகளைத் திறந்து ஆராய்ந்து, பழுது பார்க்க எளியதோ அரியதோ என்று பத்துக்கு மதிப்பெண் இடும் ‘ஐஃபிக்சிட்’ என்னும் அமெரிக்க நிறுவனம் ஸ்விட்ச் 2க்கு மூன்று மதிப்பெண் தந்தது. பேட்டரியை வலிய பசையால் ஒட்டியிருப்பதும், உதிரிபாகமும் வழிகாட்டி நூலும் கிடைக்காமையும் காரணங்கள். ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு அம்மதிப்பெண் தேர்ச்சிக்கோட்டுக்குக் கீழே என்பது உடனே தெரிகிறது.

நம் இல்லத்து நிகழ்ச்சியொன்றை இவ்விடத்தில் சொல்வது பொருந்தும். அக்கருவியைச் செய்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. மேலே பெயர் சொன்ன எதனோடும் அதனைப் பொருத்திப் பார்க்கவும் வேண்டா. நம் தங்கையின் கணவர் சிங்கப்பூரிலிருந்து வருகையில் தம் மகனுக்கென ஒரு கையடக்கக் கருவி வாங்கிவந்தார். ஓராண்டும் சில மாதங்களும் நன்றாக இருந்தது. ஒருநாள் மின்னேற்றும் துளை தளர்ந்து, கம்பியை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் மின்சாரம் ஏறும் என்றாயிற்று. பின்னர் அதுவும் நின்றது. நிறுவனத்துக்கு எழுதினோம். வாங்கிய நாட்டிலேயே பழுது பார்க்க இயலும், அங்குக் கொண்டுசெல்க என்று விடை வந்தது. உத்தரவாதம் முடிந்துவிட்டமையால் கட்டணமும் உண்டாம். கப்பற்கூலியும் கட்டணமும் சேர்த்துக் கணக்கிட்டால் புதுக்கருவியின் விலையில் பாதிக்கு மேல் ஆயிற்று.

சென்னைக்குச் சென்றபோது ரிச்சி தெருவில், மாடிப்படியின் கீழே அமைந்த சிறு கடை ஒன்றில் அதனைக் கொடுத்தோம். கடைக்காரர் முப்பது வயதுக்குட்பட்டவர். பள்ளிப்படிப்போடு நின்றவர் என்று பேச்சில் அறிந்தோம். கருவியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூவிதழ் முனைத் திருப்புளி ஒன்றை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார்.

“இந்தத் துளை மட்டும்தான் சார் போயிருக்கு. பாகம் கையில இருந்தா முக்கால் மணி நேர வேலை. ஆனா கம்பெனி இந்தப் பாகத்தை யாருக்கும் குடுக்க மாட்டான்” என்றார்.

“பிறகு என்ன செய்வீர்கள், தம்பி?”

“செத்துப்போன வேற மிஷின்ல இருந்துதான் எடுக்கணும். ஒண்ணு கெட்டு வந்தாத்தான் இன்னொண்ணு பிழைக்கும்.”

அவருடைய இழுப்பறையில் இறந்த கருவிகள் சில வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் உறுப்பு எடுக்கப்பட்டிருந்தது. நம் கருவிக்குரிய உறுப்பு அவற்றில் இல்லை. பத்து நாள் கழித்து வேறொரு கடையிலிருந்து வாங்கிப் பொருத்தித் தந்தார். 1,400 ரூபாய் பெற்றுக்கொண்டார். பசையைச் சூடேற்றி நெகிழ்த்துகையில் மேலுறையின் ஓரத்தில் விழுந்த சிறு வெடிப்பைத் தாமே சுட்டிக்காட்டி, “இது நான் பண்ணதுதான் சார், ஒட்டி மூடினவன் ஒழுங்கா மூடியிருந்தா இது வந்திருக்காது” என்றும் சொன்னார். பையன் அதன்மேல் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டான். இத்தகைய கைத்திறன் மிக்க இளைஞர்க்கு வேண்டுவன இரண்டே: உறுப்பின் பெயரும் எண்ணும் தாங்கிய ஒரு வரைபடம், அவ்வுறுப்பை முறையாக விலைக்கு வாங்க ஒரு வழி. இவ்விரண்டையும் தர மறுப்பதே இன்றைய வணிகம்.

தர இயலாது என்பது உண்மையன்று. வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2022 பிப்ரவரியில் ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்கக் கருவியை 399 டாலர் முதலான விலைகளில் விற்பனைக்கு விட்டது. விற்பனைக்கு முன்னரே, 2021 அக்டோபரில், கருவியைத் திறக்கும் முறையைத் தானே படம்பிடித்து வெளியிட்டது. திறப்பது உங்கள் உரிமை; ஆனால் திறவாதிருப்பதே நன்று என்று அச்சுறுத்தலும் அன்பும் கலந்த குரலில் சொல்லிற்று. 2022 மே மாதத்தில் ஐஃபிக்சிட் வழியாக உதிரிபாகங்கள் விற்பனைக்கு வந்தன. குமிழ் தேய்ந்தால் குமிழை மட்டும் வாங்கி, திருகாணிகளைக் கழற்றி, மாற்றிக்கொள்ளலாம். அதன் பேட்டரியும் முதல் வகையில் பசையால் இறுக ஒட்டப்பட்டிருந்தது என்னும் குறை உண்டு. எனினும் வழி திறந்திருக்கிறது. அத்தகைய கருவி கனமாகவும் பருமனாகவும் இருக்கிறதே, மெலிதாகச் செய்ய வேண்டுமெனில் பசை வேண்டுமே என்று வாதிடுவோர் உளர். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நீர் புகாமை, எடை, மெலிவு ஆகியவற்றுக்காகச் செய்யும் சமரசத்தை நாம் ஏற்கலாம். ஆனால் கியோட்டோ நிறுவனமே 2003இல் ஒரு திருகாணியோடு பேட்டரி மூடியைச் செய்து காட்டியதே. அக்கருவியும் மடித்துச் சட்டைப்பையில் போடத்தக்க அளவினதே! அறிவு குறைந்துவிட்டது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

சட்டம் என்ன செய்கிறது? அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டம் ஒன்று உண்டு. வேறு இடத்தில் பழுது பார்த்ததைக் காரணங்காட்டி உத்தரவாதத்தை மறுத்தல் கூடாது என்பது அதன் கருத்து. ‘இதைக் கிழித்தால் உத்தரவாதம் இல்லை’ என்று ஒட்டப்படும் சிறு தாள்களுக்காக 2018 ஏப்ரலில் அந்நாட்டு வணிக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிற்று. நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். ஆனால் கலிஃபோர்னியா மாநிலம் இயற்றி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய பழுது பார்க்கும் உரிமைச் சட்டம், கைப்பேசியையும் கணினியையும் துணிவெளுக்கும் எந்திரத்தையும் சேர்த்துக்கொண்டு, விளையாட்டுக் கருவிகளைப் பெயர் சொல்லி விலக்கிவிட்டது. மின்னசோட்டா மாநிலச் சட்டமும் அவ்வாறே விலக்கிற்று. திறக்க விட்டால் திருட்டு ஆட்டம் பெருகும் என்பது நிறுவனங்களின் வாதம். திருட்டு நடப்பது மெய்தான். ஆயின் பேட்டரியை மாற்றுபவனும் மின்துளையை ஒட்டுபவனும் எந்த ஆட்டத்தைத் திருடினர் என்பதை அவ்வாதம் விளக்குவதில்லை.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று, அதற்கென இணையத்தளமும் திறக்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், ஊர்திகள் என நான்கு வகைகளை முதலில் எடுத்துக்கொண்டனர். டிராக்டரும் கைப்பேசியும் முந்துவதே முறை; அதில் நமக்குக் குறையில்லை. விளையாட்டுக் கருவியைப் பொறுத்தவரை நம்மவர் பலரும் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணர்வதையோ இறக்குமதிக் கடைக்காரர் தருவதையோ நம்பி வாங்குபவராதலின், முறையிடப் போனால் எதிர்த்தரப்பு யாரென்றே விளங்குவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. கையில் எடுத்துச் செல்லும் கருவிகளிலுள்ள பேட்டரியை, வாங்கியவர் கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவிகளைக் கொண்டே கழற்றி மாற்ற இயலவேண்டும். அதற்குத் தனிக் கருவி தேவைப்படுமாயின் அதனைப் பொருளுடன் விலையின்றித் தருதல் வேண்டும். வெப்பமூட்டியோ கரைப்பான் ஊற்றியோ பிரிக்க வேண்டிய நிலை இருத்தல் ஆகாது. சில விலக்குகள் உண்டெனினும் விளையாட்டுக் கருவிக்கென்று தனி விலக்கு இல்லை. இவ்விதி நடைமுறைக்கு வரும் நாளாகக் குறிக்கப்பட்டது 2027 பிப்ரவரி 18. வெப்பமூட்டுதல் என்பதை அவ்விதியில் கண்டபோது, ரிச்சி தெருவில் சூட்டுக்காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலுறையின் ஓரத்தை நெகிழ்த்திய அத்தம்பியின் கை நம் நினைவுக்கு வந்தது. ஐரோப்பியருக்கென்று மூடி வைத்த பெட்டியும், மற்றையோர்க்கென்று பசை தடவிய பெட்டியும் என இருவேறு பெட்டிகளை ஒரே ஆலையில் செய்வார்களோ, அல்லது யாவர்க்கும் ஒரே மூடியைப் போடுவார்களோ? மருமகனுக்கு அடுத்த கருவி வாங்கித் தருவதாகச் சிங்கப்பூரிலிருந்து சொல்லும் தந்தையிடம், அதன் அடிப்பக்கத்தில் திருகாணி இருக்கிறதா என்று பார்த்து வாங்கும்படி எழுதியிருக்கிறோம்.